புட்பால்ல கோலி (கோல்கீப்பர்) பாக்ஸுக்கு வெளிய பந்தை கைல தொட்டா என்ன ஆகும்? புதுசா ஆட வாறவங்களுக்கும் பாக்க வாறவங்களுக்கும்

நம்ம கடற்கரை ஊர்ல திருவிழா டோர்னமென்ட் பாத்தவங்க எல்லாருக்கும் இது தெரிஞ்ச காட்சிதான். நீளமா ஒரு பந்து வருது, ஸ்ட்ரைக்கர் டிஃபென்டரை ஓடி முந்திட்டான், கோலி பாக்ஸை விட்டு பாய்ஞ்சு வாறான், பந்து ஒரு குத்து குத்தி அவன் தலைக்கு மேல ஏறுது, அவன் யோசிக்கதுக்கு முன்ன கை போயிடுது. உடனே மைதானம் முழுக்க "ரெட்டு ரெட்டு"ன்னு சத்தம், அதாவது சிவப்பு கார்டு காட்டி ஆளை வெளிய அனுப்புன்னு. மஞ்சள்னா எச்சரிக்கை மட்டும். ரெஃப்ரி மஞ்சள் கார்டை எடுத்தாருன்னா முடிஞ்சுது, கயிறை தாண்டி நாப்பது பேரு உள்ள வருவாங்க, கமிட்டிக்காரங்க மைக்ல கெஞ்சுவாங்க, பாதி ராத்திரி ஆயிடும். நான் இந்த மாதிரி ஒரு செமி ஃபைனல்ல கோடுக்கு பக்கத்துல நின்னு பாத்தேன், அண்ணைக்கு அந்த ரெஃப்ரி குடுத்த மஞ்சள் நூத்துக்கு நூறு சரி, ஏன்னா ஸ்ட்ரைக்கர் கோலை பாத்து ஓடல, கார்னர் கொடி பக்கமா ஓடிட்டு இருந்தான், ரெண்டு டிஃபென்டர் உள்ள வந்து சேந்துட்டாங்க. ஆனா அதை யாருக்கிட்ட சொல்ல? அந்த மனுசன் வாங்கின ஏச்சு இன்னும் எனக்கு காதுல நிக்குது.

அதனாலதான் இதை எழுதுதேன். நான் பதினாறு வருசம் கோலியா நின்னவன், இப்ப சாயங்காலம் ஊர்ல சின்ன பிள்ளையளுக்கு கோலி பயிற்சி குடுக்கேன். இந்த ஒரு ரூல்ல தான் ஆடுதவங்க, பாக்குதவங்க, சில நேரம் விசில் ஊதுதவங்க கூட குழம்புதாங்க. பொறுமையா ஒவ்வொண்ணா பாத்தா இதுல குழப்பமே இல்ல.

முதல்ல பாக்ஸ் எதுன்னு தெரிஞ்சுக்கிடுங்க

பெனால்டி ஏரியான்னு ரூல்ல சொல்லுதது நாம பாக்ஸ்னு சொல்லுத பெரிய கட்டம். கோல் போஸ்ட்டோட உள்பக்கத்துல இருந்து ரெண்டு பக்கமும் 16.5 மீட்டர், அங்கேருந்து மைதானத்துக்குள்ள 16.5 மீட்டர். கோல் அகலம் 7.32 மீட்டர், அப்போ மொத்த பாக்ஸ் அகலம் 40.32 மீட்டர் வரும். பழைய ஆளுங்க இதை பதினெட்டு யார்டு பாக்ஸ்னு சொல்லுவாங்க, ரெண்டும் ஒண்ணுதான். அதுக்குள்ள இருக்க சின்ன கட்டம் 5.5 மீட்டர், அதுக்கும் கோலி கைக்கும் சம்பந்தமே இல்ல. கோலி கை வைக்க உரிமை பெரிய கட்டம் முழுக்க உண்டு.

பாக்ஸ் நெத்தியில ஒரு வளைவு இருக்கும்லா, டி-ன்னு சொல்லுவோம், அது பாக்ஸ் இல்ல. இதை நான் தடிமனா எழுதணும்னு நினைக்கேன், ஏன்னா வருசா வருசம் புதுசா வாற பயலுவ அஞ்சு பேருக்கு மூணு பேரு அந்த வளைவுக்குள்ள நின்னு பந்தை கைல எடுக்கான். பெனால்டி அடிக்கும்போது மத்த ஆளுங்க பெனால்டி புள்ளியில இருந்து 9.15 மீட்டர் தள்ளி நிக்கணும், அதுக்கு போட்ட அடையாளம் தான் அந்த வளைவு. அங்க கை வச்சா வெளிய கை வச்ச கணக்கு.

கோடு யாருக்கு சொந்தம்? பாக்ஸுக்கு சொந்தம். கோட்டு மேல இருக்க பந்து உள்ள இருக்க பந்து. இது ஒரு வரில முடியுத விசயம் ஆனா இதுலதான் பாதி சண்டை.

இன்னொண்ணு, ஊர் மைதானத்துல கோடு ஒழுங்கா இருக்கான்னு ஆட்டத்துக்கு முன்னயே பாருங்க. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ரெண்டு பருவ மழையும் கிடைக்கும், ஆனி ஆடில ஒரு சாரல் போதும், போட்ட சுண்ணாம்பு கரைஞ்சு போயிடும். கோலியா நிக்க பிள்ளை வார்ம் அப் பண்ணும்போதே பாக்ஸ் நாலு பக்கமும் ஒரு தடவை நடந்து பாக்கணும், எங்க கோடு தெரியல, எங்க தேங்கின தண்ணி கிடக்கு, எங்க மணல் குழி. கோடு தெரியாத இடத்துல ரெண்டு பக்கமும் எதாவது அடையாளம், கொடிக்கம்பமோ தென்னையோ, மனசுல வச்சுக்கிடணும். நான் நின்ன காலத்துல எங்க மைதானத்துல இடப்பக்க கோட்டுக்கு நேரா குருசடி சுவரோட மூலை வரும், இப்பவும் கண்ணை மூடினா அது தெரியும்.

காலை பாக்காதீங்க, பந்தை பாருங்க

இதுதான் இந்த ரூலோட உயிரு. கோலி எங்க நிக்கான்னு ரூல் கேக்கல. கை பந்தை தொடும்போது பந்து எங்க இருக்குன்னு தான் கேக்குது.

கோலியோட ரெண்டு காலும் பாக்ஸுக்கு வெளிய, ஆனா பின்னால கை நீட்டி பாக்ஸுக்குள்ள இருக்க பந்தை பிடிக்கான்: தப்பே இல்ல. ரெண்டு காலும் உள்ள, ஆனா டைவ் அடிச்சு முன்னால போயி வெளிய இருக்க பந்தை தட்டுதான்: ஹேண்ட்பால். கால் கோட்டு மேல ஊனி நிக்கான் பந்தும் கோட்டு மேல வருது: சரி. வானத்துல வாற பந்துக்கும் இதே கணக்கு தான், கோடு தரைல இருந்து நேரா மேல ஒரு கண்ணாடி சுவர் மாதிரி போகுதுன்னு நினைச்சுக்கிடுங்க, பந்து முழுசா அந்த சுவருக்கு அந்தப்பக்கம் போயிட்டா கை வைக்க கூடாது.

"முழுசா"ன்னு சொன்னேன்லா, அதை வாயால சொன்னா பிள்ளையளுக்கு ஏறாது. நான் என்ன செய்வேன்னா தண்ணி வத்தி ஈரமா கிடக்க மணல்ல குதிகாலால ஒரு கோடு இழுப்பேன், ஒரு சாண் அகலம் கூட வேண்டாம், ரூல் படி கோடு 12 சென்டிமீட்டருக்கு மேல போக கூடாது. அந்த கோட்டு மேல பந்தை வச்சு ஒரு பயலை குனிஞ்சு நேரா மேல இருந்து பாக்க சொல்லுவேன். அப்புறம் பந்தை விரலால மெதுவா வெளிப்பக்கம் தள்ளுவேன். பந்தோட அடி, அதாவது மணல்ல பதியுத அந்த சின்ன குழி, கோட்டை விட்டு வெளிய போயிடும். பக்கத்துல இருந்து பாக்க பயலுவ எல்லாம் "வெளிய போச்சு மாமா வெளிய போச்சு"ம்பானுவ. ஆனா மேல இருந்து பாக்கவன் இன்னும் "உள்ள உள்ள"ன்னு சொல்லுவான், ஏன்னா பந்தோட பின் ஓரம் இன்னும் கோட்டு மேல தொங்கிட்டு இருக்கு. பந்து சுத்தளவு 68ல இருந்து 70 சென்டிமீட்டர், அப்போ குறுக்களவு ஏறக்குறைய 22, பாதி 11. பந்து தரைல தொடுத இடம் கோட்டை தாண்டி பத்து சென்டிமீட்டர் போனா கூட பந்து உள்ள தான். கோல் விழுந்துச்சா இல்லையான்னு பாக்கத மாதிரியே தான் இதுவும். இதை ஒரு தடவை கண்ணால பாத்த பிள்ளை அப்புறம் மறக்கவே மாட்டான்.

இதுல கோலிக்கு ஒரு பாடம் இருக்கு, ரூல் படி உள்ள இருந்தா கூட தூரத்துல நிக்க லைன்ஸ்மேனுக்கு அது வெளிய மாதிரி தெரியும். அந்த பத்து சென்டிமீட்டரை நம்பி வாழாதீங்க. முடிஞ்சா ஒரு அடி உள்ள வச்சே எடுங்க.

வெளிய வந்தா நீ பதினோராவது ஆளு, அவ்வளவு தான்

பாக்ஸுக்கு வெளிய கோலிக்குன்னு தனி ரூல் கிடையாது. மத்த பத்து பேருக்கும் கை விசயத்துல என்ன ரூலோ அதே ரூல். வெளிய வரலாம், எவ்வளவு தூரம் வேணும்னாலும் வரலாம், கால்ல ஆடலாம், தலையால அடிக்கலாம், நெஞ்சுல வாங்கலாம், எதிர் டீம் பாக்ஸுக்கே போயி கார்னர்ல ஹெட் அடிக்கலாம். கை மட்டும் கூடாது. கிளவுஸ் போட்டிருக்கேன், ஜெர்சி வேற கலர்லா, அதெல்லாம் அங்க செல்லாது.

இது ஆதில இருந்தே இப்படி இல்ல. 1912 வரைக்கும் கோலி தன்னோட பாதி மைதானத்துல எங்க வேணும்னாலும் பந்தை கைல எடுக்கலாம். வேல்ஸ் நாட்டு கோலி லீ ரிச்மண்ட் ரூஸ்னு ஒருத்தர், பந்தை கையால தரைல தட்டிக்கிட்டே நடு கோடு வரைக்கும் போவாராம். அதுக்கு அப்புறம் தான் கை உரிமையை பாக்ஸுக்குள்ள சுருக்கினாங்க. நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, ஆனா நம்ம ஊர் வெளையாட்டுல இன்னும் சில கோலிமார் அந்த காலத்துலயே நிக்காங்க.

கைன்னா எதுவரைக்கும்? அக்குளோட அடிப்பாகத்துக்கு நேரா ஒரு கோடு போட்டா அதுக்கு கீழ எல்லாம் கை, மேல தோள். தோள்ல பட்டா ஹேண்ட் கிடையாது. கைல பட்டது எல்லாமே ஹேண்ட்பால்னும் கிடையாது. வேணும்னே கையை பந்துக்கு கொண்டு போனா ஃபவுல். கையை அந்த நேரத்துக்கு வேண்டாத மாதிரி விரிச்சு வச்சு உடம்பை பெருசாக்கி அதுல பந்து பட்டாலும் ஃபவுல். கை உடம்போட ஒட்டி இருந்து பக்கத்துல இருந்து அடிச்ச பந்து வந்து பட்டா அது ஃபவுல் இல்ல, கோலிக்கும் அப்படித்தான். ஆனா கோலிமார்க்கு ஒரு பழக்கம், வெளிய வந்து நின்னாலும் கையை ரெண்டு பக்கமும் விரிச்சு தான் நிப்பான், பாக்ஸுக்குள்ள நல்ல பழக்கம், வெளிய அதுவே வினை. அதனால கோட்டை தாண்டின உடனே கையை மடக்கி உடம்போட சேத்துக்கிடணும்னு பிள்ளையளுக்கு சொல்லி சொல்லி பழக்கணும்.

தண்டனை: ஃப்ரீகிக் எப்பவும், கார்டு சில நேரம் மட்டும்

இதுதான் சண்டைக்கு மூலம், நிதானமா படிங்க.

வெளிய ஹேண்ட்பால் பண்ணினா எதிர் டீமுக்கு டைரக்ட் ஃப்ரீகிக், கை பட்ட இடத்துல இருந்து. பெனால்டி கிடையாது, பாக்ஸுக்கு ஒரு அடி வெளியன்னாலும் பெனால்டி கிடையாது. அந்த ஃப்ரீகிக்கை நேரா கோலுக்குள்ள அடிக்கலாம்.

கார்டு வேற கணக்கு. வெளிய கை வச்ச ஒரே காரணத்துக்கு கார்டு கிடையாது. அந்த கை எதை தடுத்துச்சுன்னு பாத்து தான் கார்டு. ஒண்ணும் பெருசா தடுக்கலன்னா, உதாரணமா கோலி பந்தை பிடிச்சுட்டு வேகத்துல வழுக்கி ரெண்டு அடி வெளிய போயிட்டான், பக்கத்துல எதிராளி யாரும் இல்ல, ஃப்ரீகிக் மட்டும் போதும். எதிர் டீமோட நல்ல அட்டாக் ஒண்ணை தடுத்துட்டான்னா மஞ்சள். கோல் விழப்போகுத பந்தையோ, கோல் அடிக்க தெளிவா கிடைச்ச வாய்ப்பையோ கையால தடுத்தான்னா சிவப்பு.

தெளிவான வாய்ப்புன்னா என்ன? ரெஃப்ரி நாலு விசயம் பாப்பாரு. ஃபவுல் நடந்த இடத்துக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம். ஆட்டம் எந்த திசைக்கு போயிட்டு இருந்துச்சு, கோலை பாத்தா இல்ல ஓரத்தை பாத்தா. அந்த ஸ்ட்ரைக்கர் கைக்கு, மன்னிக்கணும், காலுக்கு அந்த பந்து சிக்கியிருக்குமா. டிஃபென்டர் எத்தனை பேரு எங்க நிக்காங்க. இந்த நாலும் சேந்து பாக்கணும், ஒண்ணை மட்டும் பிடிச்சு தொங்க கூடாது. "அவன்தான் கடைசி ஆளு, அதனால ரெட்டு"ன்னு நம்ம ஊர்ல ஒரு ரூல் சொல்லுவாங்க, அப்படி ஒரு ரூல் எங்கயும் எழுதல.

ரெண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு உதாரணம் சொல்லுதேன். 1994 உலகக்கோப்பை, இத்தாலியும் நார்வேயும். இத்தாலி கோலி பக்லியூகா 21-வது நிமிசத்துல பாக்ஸை விட்டு வெளிய வந்து கையால தடுத்தாரு, நார்வே ஆளு கோலை பாத்து தனியா வந்துட்டு இருந்தான். நேரா சிவப்பு. உலகக்கோப்பைல சிவப்பு வாங்கின முதல் கோலி அவருதான். பதில் கோலி மார்கெஜானியை இறக்கணும்னா ஒருத்தர் வெளிய போகணும், கோச் சாக்கி எடுத்தது யாரை தெரியுமா, ராபர்ட்டோ பாஜியோவை. அந்த டீமோட பெரிய நட்சத்திரத்தை. பத்து பேரோட ஆடியும் இத்தாலி 1-0 ஜெயிச்சுது, அது வேற கதை. ஆனா ஒரு கோலியோட ஒரு நொடி கைக்கு டீம் என்ன விலை குடுக்கணும்னு இதை வச்சு தான் நான் பிள்ளையளுக்கு சொல்லிக்குடுப்பேன்.

இப்ப அடுத்தது. 2025 மே மாசம் இங்கிலாந்து எஃப்.ஏ. கப் ஃபைனல், கிரிஸ்டல் பேலஸும் மான்செஸ்டர் சிட்டியும். பேலஸ் கோலி டீன் ஹென்டர்சன் சிட்டி ஸ்ட்ரைக்கர் ஹாலண்டுக்கு முன்னால பாய்ஞ்சு வந்து பாக்ஸுக்கு வெளிய பந்தை கையால தட்டினாரு, டிவில பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சுது. மைதானத்துல ரெஃப்ரி அதை பாக்கல. வீடியோ ரெஃப்ரி பாத்தாங்க, பாத்துட்டு சிவப்பு இல்லன்னு விட்டாங்க, ஏன்னா ஹாலண்டு ஓடுத திசை கோலை விட்டு ஓரமா போயிட்டு இருந்துச்சு, தெளிவான வாய்ப்புன்னு சொல்ல முடியாது. வெறும் ஃப்ரீகிக்குக்கோ மஞ்சளுக்கோ வீடியோ ரெஃப்ரி தலையிட முடியாது, அதனால ஒண்ணுமே குடுக்கல. அதுக்கு அப்புறம் அதே ஹென்டர்சன் சிட்டி ஆளு மர்மூஷ் அடிச்ச பெனால்டியை தடுத்தாரு, பேலஸ் 1-0 கப் எடுத்தாங்க. சிட்டிக்கு குறைஞ்சது ஃப்ரீகிக் ஒண்ணு கிடைச்சிருக்கணும்ங்கறது என் எண்ணம், ஆனா சிவப்பு இல்லன்னு சொன்னது சரிதான். நான் முதல்ல சொன்ன அந்த செமி ஃபைனலும் அச்சு அசல் இதே மாதிரி, அங்க ரெஃப்ரி கண்ணால பாத்து மஞ்சளும் ஃப்ரீகிக்கும் குடுத்தாரு.

இன்னொண்ணும் நடக்கும். கோலி வெளிய கையால தட்டுதான், பந்து ஆனாலும் எதிராளி காலுக்கே போகுது, ரெஃப்ரி விசில் ஊதாம அட்வான்டேஜ் விடுதாரு, கோல் விழுது. அப்போ கோல் செல்லும். கோலை தடுக்க கையால முயற்சி பண்ணினதுக்கு மஞ்சள் வரும், சிவப்பு வராது, ஏன்னா தடுக்கல்ல.

ஃப்ரீகிக் குடுத்த உடனே கோலி செய்ய வேண்டியது

ஓடணும். திரும்பி கோலுக்கு ஓடணும். நம்ம பயலுவ என்ன செய்யான், அங்கனயே நின்னு கையை விரிச்சு "சார் நெஞ்சுல தான் பட்டுது சார்"ன்னு ரெஃப்ரி பின்னால போறான், பின்னால கோல் வாசல் திறந்து கிடக்கு. கார்டு எடுக்க ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தினா தப்பிச்ச, இல்லன்னா எதிராளி டப்புன்னு பந்தை வச்சு அடிச்சான்னா கோல் தான், அது செல்லும். பேசுததுக்கு கேப்டன் இருக்கான். நீ போஸ்ட்டை பிடிச்சு சுவரை, அதாவது பந்துக்கு முன்னால வரிசையா நிக்க நம்ம ஆளுங்களை, நிறுத்து. சுவர் 9.15 மீட்டர் தள்ளி, மூணு பேரோ அதுக்கு மேலயோ சுவர்ல நின்னா எதிராளி சுவரை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி தான் நிக்கணும், நடுவுல வந்து இடிச்சா ரெஃப்ரிக்கிட்ட காட்டு.

பாக்ஸுக்குள்ளயும் கை வைக்க கூடாத நேரம் இருக்கு

வெளிய ரூலை படிச்சுட்டு உள்ள எல்லாம் நம்ம ராஜ்யம்னு நினைச்சுட கூடாது. நம்ம டீம் ஆளு வேணும்னே கால்ல தட்டி விட்ட பந்தை கைல எடுக்க கூடாது, 1992ல இருந்து இந்த ரூல். நம்ம ஆளு எறிஞ்ச த்ரோவையும் நேரா கைல வாங்க கூடாது. தலையாலயோ நெஞ்சாலயோ முட்டாலயோ குடுத்தா எடுக்கலாம், ஆனா ரூலை ஏமாத்தணும்னே பந்தை கால்ல தூக்கி தலையால குடுக்கத மாதிரி வித்தை காட்டினா மஞ்சள். அப்புறம் கைல இருந்து விட்ட பந்தை வேற யாரும் தொடுததுக்கு முன்ன திரும்ப கைல எடுக்க கூடாது.

இதுக்கெல்லாம் தண்டனை இன்டைரக்ட் ஃப்ரீகிக், அதாவது நேரா அடிச்சா கோல் செல்லாது, ரெண்டாவது ஒருத்தர் தொடணும். வெறும் கை வச்சதுக்கு கோலிக்கு கார்டும் கிடையாது. நம்ம ஆளு பின்னால தட்டி விட்ட பந்து, பேக் பாஸ்னு சொல்லுவோம், கோலுக்குள்ள போகப்போகுது, கோலி டைவ் அடிச்சு கையால தடுத்தான்னு வைங்க, உள்ள தான் நடந்துச்சுன்னா சிவப்பு கிடையாது, இன்டைரக்ட் ஃப்ரீகிக் மட்டும். சின்ன கட்டத்துக்குள்ள நடந்தா அந்த ஃப்ரீகிக்கை சின்ன கட்டத்து கோட்டு மேல கொண்டு வந்து வைப்பாங்க. அதே பந்தை பாக்ஸுக்கு வெளிய அப்படி தடுத்தா சிவப்பு. ஒரே கை, கோட்டுக்கு உள்ள வேற, வெளிய வேற.

இதுல உள்ளயும் வெளியயும் கலந்து வாற ஒரு கேள்வி, எல்லா பிள்ளையளும் கேக்கும். எதிராளி அடிச்ச பந்து, கோலி வெளிய வந்து நெஞ்சுல வாங்கி கால்ல உருட்டிக்கிட்டே பாக்ஸுக்குள்ள போயி கைல எடுக்கலாமா? எடுக்கலாம், தப்பே இல்ல, ஏன்னா கடைசியா வந்தது எதிராளிக்கிட்ட இருந்து, நம்ம கைல இருந்து விட்டதும் இல்ல. ஆனா முதல்ல கைல பிடிச்சு, கீழ போட்டு, கால்ல உருட்டி வெளிய போயி, ஆளு வந்தோன்ன பயந்து திரும்ப உள்ள வந்து கைல எடுத்தா அது தப்பு, இன்டைரக்ட் ஃப்ரீகிக். ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். கைல இருந்து விட்டியா இல்லையா, அதை மட்டும் பாத்தா போதும்.

புது ரூல் ஒண்ணு உண்டு, 2025-26 சீசன்ல இருந்து. கோலி பந்தை கைல 8 செகண்டுக்கு மேல வச்சிருந்தா எதிர் டீமுக்கு கார்னர். முன்ன 6 செகண்ட், இன்டைரக்ட் ஃப்ரீகிக், ஆனா அதை ஊதினது ரொம்ப அபூர்வம். இப்ப ரெஃப்ரி கையை தூக்கி கடைசி அஞ்சு செகண்டை விரலால எண்ணி காட்டுவாரு. அவசரத்துல கோட்டை தாண்டி எறியுத தப்பு இதனால கூடும்னு எனக்கு தோணுது, அதனால அடுத்த பகுதியை கவனமா படிங்க.

கோலிக்கு பழக்கம் எப்படி குடுக்கணும்

முதல் பழக்கம், எறியுத இடம். பந்தை கைல வச்சுக்கிட்டு ஓடி வந்து எறியும்போது கால் கோட்டுக்கு உள்ளயே இருக்கும், ஆனா கை முன்னால போயி கோட்டுக்கு வெளிய தான் பந்தை விடும். அதுவும் ஹேண்ட்பால் தான். கோட்டுக்கு ஒன்றரை மீட்டர் முன்னயே நின்னு எறியணும். அங்க ஒரு செருப்பை வச்சு பழக்குங்க, செருப்பை தாண்டினா பந்து எதிர் டீமுக்கு. ஒரு வாரத்துல சரியாயிடும். கைல இருந்து விட்டு காலால அடிக்கது கொஞ்சம் வேற, பந்து கையை விட்டது கோட்டுக்கு உள்ளன்னா போதும், கால் வெளிய பட்டாலும் தப்பில்ல.

ரெண்டாவது, வெளிய வாறதா வேண்டாமான்னு முடிவு. நம்ம மாவட்டத்துல இது மத்த ஊரை விட கஷ்டம், காரணம் காத்து. ஆரல்வாய்மொழி முப்பந்தல் பக்கம் காத்தாடி எதுக்கு வரிசையா நட்டு வச்சிருக்காங்க, அந்த காத்து தான் நம்ம பந்தையும் பிடிக்குது. கடல் ஓரத்துல உச்சத்துல ஏறின பந்து எதிர் காத்துல நின்னு விழும், கோலி வேகமா வந்து கோட்டை தாண்டிட்டான், பந்து இன்னும் முன்னால வரல, குத்தி தலைக்கு மேல போகுது, கை தானா போயிடும். அதனால டாஸ் போடும்போதே காத்து எந்த பக்கம்னு பாத்துக்கிடணும். காத்து நம்மளை நோக்கி அடிச்சா பந்து வேகமா வந்துடும், ரெண்டு அடி பின்னால நின்னு தொடங்கு. காத்து எதிர் கோலை பாத்து அடிச்சா பந்து நின்னு விழும், வந்தா தலையால அடிக்கதுக்கு தயாரா வா, கையை நம்பி வராதே.

மூணாவது, வெளிய வந்துட்டா கையை மறக்கணும். இதுக்கு நான் செய்யுதது, கோலி பிள்ளைக்கு ரெண்டு கைலயும் ஒவ்வொரு சின்ன துண்டு துணியை பிடிக்க குடுப்பேன். கோட்டுக்கு வெளிய நீளமா பந்து போடுவேன், வந்து காலாலயோ தலையாலயோ தட்டணும், துணி கீழ விழ கூடாது. தொடக்கத்துல முதல் பந்துலயே துணி விழும். கை திறந்தா விழும்லா. பத்து பதினைஞ்சு நாள் செஞ்சா கை மூடியே இருக்கும், கோட்டை தாண்டினா உடம்புக்கே தெரியும்.

நாலாவது, வழுக்குதது. ஈர மணல்ல, மழை பெஞ்ச புல்லுல பந்தை பிடிச்சுட்டு சறுக்கி போகும், வேகத்துல போயிட்டேன்னு சொன்னா ரூல் ஒத்துக்கிடாது. கோட்டுக்கு பக்கத்துல நேரா முன்னால டைவ் அடிக்காம பக்கவாட்டுல விழ பழகணும். சறுக்கி வெளிய போகப்போறேன்னு தெரிஞ்சா கோட்டுக்கு முன்னயே பந்தை விட்டுட்டு உடம்பால மறைச்சு எழும்பி காலால அடிச்சிடு. பந்தை விட பயமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா பழகினா வரும்.

கடைசி பழக்கம் ரொம்ப கசப்பானது. கோல் விழப்போகுது, நீ வெளிய நிக்க, கை நீட்டினா தடுக்கலாம். முதல் பாதில இது வந்தா கையை நீட்டாதே, கோல் விழட்டும். ஒரு கோல் பின்னால போனாலும் பதினோரு பேரோட ஆடலாம், அறுபது நிமிசம் பத்து பேரா ஓடுதது அதை விட கொடுமை. தெரிஞ்சே கையால கோலை தடுக்கதை நான் பிள்ளையளுக்கு எந்த நிமிசத்துலயும் சொல்லிக்குடுக்க மாட்டேன், சொல்லிக்குடுக்கவங்க இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது.

செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேரு) ஆடுதவங்களுக்கும் கமிட்டிக்காரங்களுக்கும்

நான் மேல சொன்னது எல்லாம் பதினோரு பேரு ஆடுத ஆட்டத்து ரூல். நீரோடில இருந்து இரையுமன்துறை வரைக்கும் புட்பால் இல்லாத ஊரே கிடையாது, இந்திய டீமுக்கு ஆடின மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான், குளச்சல் முட்டம் பக்கமும் அப்படித்தான், தங்கு கடல் (நாள் கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கது) போன ஆளுங்க கூட திருவிழாவுக்கு கரை ஏறி வந்து பூட்ஸ் மாட்டுவாங்க. இதுல பாதி ஆட்டம் செவன்ஸ். அங்க மைதானத்துக்கு ஏத்த மாதிரி பாக்ஸ் சின்னதா இருக்கும், கமிட்டி வைக்கத ரூல் தான் ரூல். அதனால பீஸ் கட்டும்போதே மூணு விசயம் கேட்டு வாங்குங்க: பாக்ஸ் அளவு என்ன, பேக் பாஸ் ரூல் உண்டா, கோலி வெளிய கை வச்சா கார்டு எப்படி. வாயால சொன்னா போதாது, நோட்டீஸ்ல அச்சடிக்க சொல்லுங்க, இல்லன்னா ரெண்டு கேப்டனையும் ரெஃப்ரி முன்னால நிறுத்தி மைக்ல ஒரு தடவை வாசிக்க சொல்லுங்க. பாக்க வந்த சனத்துக்கும் அது கேக்கணும். நான் இருக்க கமிட்டில இப்ப அப்படித்தான் செய்யுதோம், ரெண்டு நிமிசம் கூட ஆகாது.

கோலி சிவப்பு வாங்கி போயிட்டா என்ன செய்யணும்னும் அதுலயே சொல்லிடுங்க. கோல்ல ஆளு இல்லாம ஆட்டம் நடக்க கூடாது. பதில் கோலி பெஞ்ச்ல இருந்து, மாத்த வாய்ப்பும் மிச்சம் இருந்தா, ஆடுத ஒருத்தரை வெளிய எடுத்துட்டு அவரை இறக்கலாம். இல்லன்னா ஆடுதவங்கள்ல ஒருத்தன் கிளவுஸ் மாட்டணும், ரெஃப்ரிக்கிட்ட சொல்லிட்டு, மத்த எல்லார் கலர்ல இருந்தும் வேற கலர் ஜெர்சி போட்டு. அதனால டீம் பைல எப்பவும் இன்னொரு கலர்ல ஒரு ஜெர்சி, பெரிய சைஸ்ல, எவனுக்கும் சேரத மாதிரி வச்சிருங்க, கூட ஒரு ஜோடி கிளவுஸும்.